வெளியே பார்த்த இருக்கை

கட்டட வரைபட மாலை வகுப்பில் ஞானதீபம் டீச்சர் முதல் நாளே சொல்லிவிட்டார். வேலை நடக்கும் இடத்துக்குப் போகிறவர்கள் தினமும் நாட்குறிப்பு எழுத வேண்டும். தேதி, எத்தனை ஆள், என்ன வேலை நடந்தது, வரைபடத்திலிருந்து எது மாறியது, ஏன் மாறியது. கடைசி இரண்டு கட்டங்களை யாருமே நிரப்புவதில்லை என்றும் சொன்னார். நான் ஐந்தையும் நிரப்புவேன். நிரப்பிவிட்டு, சரிதானா என்று திரும்பப் படிப்பேன். படித்தால் சந்தேகம் வரும்.

எங்கள் வேலை ஊரணிக்கு நடுவில் நடந்தது. சில வருடங்களுக்கு முன் ஊரணியைத் தூர்வாரியபோது, அள்ளிய மண்ணைக் கொண்டுபோய்க் கொட்ட இடமில்லாமல் நடுவிலேயே குவித்துவிட்டார்கள். அது திட்டாகி நின்றது. பிறகு புங்கன் கன்றுகள் நட்டு, கரையிலிருந்து ஒரு நடைபாலம் போட்டு, ‘தீவுப் பூங்கா’ என்று பலகை வைத்தார்கள். மழை பெய்த வருடம் அது தீவுதான். இந்த மே மாதம் சுற்றிலும் கணுக்கால் அளவுத் தண்ணீர், மீதியெல்லாம் சேறு.

பாலம் மூன்றரை அடி அகலம். லாரி கரையிலேயே நின்றுவிடும். மணல், ஜல்லி, செங்கல், சிமெண்டு எல்லாமே தலைச்சுமைதான். முதல் நாள் எத்தனை சட்டி போகிறது என்று எண்ணினேன். இருநூற்றுப் பன்னிரண்டு. மறுநாள் எண்ணவில்லை. எண்ணுகிறவளைப் பார்த்துச் சுமக்கிறவர்கள் சிரித்தார்கள்.

“எண்ணு தாயீ, எண்ணு. எண்ணுனா சட்டி கனம் கொறையுதான்னு பாப்போம்” என்றார் மூக்கம்மாள். எங்களிடம் இருந்த மூன்று சித்தாள்களில் மூத்தவர் அவர்.

திட்டின் மேல் நாங்கள் கட்டியது ஒரு கூரை. முப்பதுக்கு இருபது அடி. எட்டு இரும்புத் தூண், மேலே தகரம், நாலு பக்கமும் சுவர் கிடையாது. வாசல் பக்கம் போக மற்ற மூன்று பக்கமும் உட்கார இருக்கை. வார்டு ஆட்கள் கூட்டம் போட, பேச, ஒதுங்க ஓர் இடம். ஒப்பந்தம் என் மாமா முகம்மது யூசுப்புடையது. என்ஜினியர் கொடுத்த கோட்டுப்படத்தை வைத்து அளவு போட்டு வரைந்தது நான். வகுப்புக்கு வெளியே நான் வரைந்த முதல் படம்.

இந்தக் கூரையைக் கேட்டு மனு எழுதி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி, சூலக்கரையில் நடக்கும் மனுநாளுக்கு மூன்று திங்கட்கிழமை பஸ் ஏறிப் போனவர் ஆவுடைத்தாய் அக்கா. மூன்று முறையும் அவர் கலெக்டர் ஆபீஸ் ஹாலுக்குள் போகவில்லை. மரத்தடியில் நின்றுகொண்டு, கூட வந்தவர்கள் கையில் மனுவைக் கொடுத்து அனுப்பினார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் வேலை பார்த்த அறைக்கு அடுத்த அறை வெடித்தது. அவர் பிழைத்தார். இடது கையும் கழுத்தும் வெந்து ஆறியிருக்கின்றன. அதற்குப் பிறகு நாலு பேர் கூடி உட்கார்ந்திருக்கிற கூரைக்குக் கீழே அவரால் இருக்க முடிவதில்லை. கல்யாண வீடுகளுக்குப் போனால் மண்டப வாசலோடு திரும்பிவிடுவார். வீட்டில்கூட முற்றத்து வேம்படியில் உட்கார்ந்துதான் தீப்பெட்டிக் கூடு ஒட்டுகிறார்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது மூக்கம்மாள். அக்காவே சொன்னது ஒன்றுதான்.

“மக மாரிச்செல்விக்கு நிச்சயம் வச்சிருக்கு. இருபத்தஞ்சாந் தேதி ஞாயித்துக்கெழம. மாப்பிள்ள வீடு காரியாபட்டி. பெத்தவக ரெண்டு பேரும் உக்காந்து தட்டு மாத்தணும்னு அவுக வீட்ல சொல்லிட்டாக. மண்டபம்னா என்னால ஆகாது. செவரு இல்லாத கூரைன்னா உக்காந்துருவேன்னு நெனைக்கேன்.”

“தேதிக்குள்ள முடிஞ்சிரும்க்கா” என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று அன்று சாயங்காலம் வகுப்பு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

கொத்தனார் பலவேசம் முப்பது வருடமாகப் பட்டாசுக் கம்பெனி அறைகள் கட்டியவர். கை சுத்தம். பேச்சு குறைவு. கூரைக்கு வெல்டிங் ஓடிய நாட்களில் தினமும் நாலு மணிக்கு நிறுத்தச் சொல்லிவிடுவார். நாலரைக்குக் கம்பெனி வேன் கரையில் வந்து நிற்கும். இறங்குகிற பெண்களின் சேலையில் வெடிமருந்து மினுங்கும். அவர்களில் யாராவது வேடிக்கை பார்க்கப் பாலத்துக்கு வந்துவிட்டால்?

“தீப்பொறிக்கு என்ன தெரியும், இது பூங்காவா கம்பெனியான்னு” என்பார்.

தினமும் ஒன்றிரண்டு மணி நேர வெல்டிங் போனதில் கூரை முடிய மூன்று நாள் தள்ளிப்போனது. காரணம் என்ற கட்டத்தில் ‘பாதுகாப்பு’ என்று எழுதினேன்.

மே பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு மூன்று நாளும் எனக்குச் செய்முறைத் தேர்வு. வரைபடத்தைப் பலவேசத்திடம் கொடுத்து, “மூணு பக்கமும் இருக்கை அண்ணாச்சி. செங்கல் கட்டி மேல கடப்பாக்கல். சாய ஒன்றரை அடிச் சுவர்” என்று சொல்லிவிட்டுப் போனேன். தலையாட்டினார்.

பதினைந்தாம் தேதி காலை பாலத்தில் வரும்போதே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. என்ன என்று உடனே தெரியவில்லை. கிட்டே வந்ததும் தெரிந்தது. என் படத்தில் ஒரே நீளமாக ஓடிய இருக்கை ஏழு துண்டாக நின்றது. ஒவ்வொன்றிலும் சரியாக நாலு பேர் உட்காரலாம். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே ஓர் ஆள் ஓடுகிற அளவு இடைவெளி. சாய்வுச் சுவர் உள்பக்கம் இருந்தது. உட்காருகிறவர்கள் எல்லோரும் கூரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சேற்றைப் பார்த்துத்தான் உட்கார முடியும்.

“என்ன அண்ணாச்சி, எல்லாத்தையும் வெளிய பாக்க வச்சிருக்கீக?”

பலவேசம் கரணையைக் கழுவிக்கொண்டிருந்தார். “பெறகு எங்கன பாக்க வைக்கிறது?”

“உள்ளதான். ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கணும்ல.”

“உக்காந்தவ எந்திரிச்சு ஓட வேண்டாமா? மூஞ்சியப் பாத்துக்கிட்டிருந்தா ரெண்டு பேரும் முட்டிக்கிட்டுல்ல விழுவாக.”

“இது பூங்கா அண்ணாச்சி.”

அவர் கரணையைக் கீழே வைத்துவிட்டு, தான் கட்டியதைத் திரும்பிப் பார்த்தார். ஏழு துண்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பட்டாசு அறைக்கு நாலு பேர்தான், நாலு பக்கமும் வழி, உட்கார்ந்தவள் பார்வை வாசலில். முப்பது வருடமாகக் கட்டியதை அவர் கை மறுபடியும் கட்டியிருக்கிறது.

“அட” என்றார். அவ்வளவுதான்.

மூக்கம்மாள் விடவில்லை. “ரெண்டு வாளில மணலும் தண்ணியும் வச்சிருந்தா லைசென்ஸே வாங்கிருக்கலாம்.”

வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். மேலிருந்து பார்க்கிற படம்தான் போட்டிருந்தேன். இருக்கைக்கு இரண்டு கோடு. எந்தக் கோடு சாய்வு, எந்தப் பக்கம் உட்காருவது என்று காட்ட ஓர் அம்புக்குறி போட்டிருக்க வேண்டும். போடவில்லை. யாருக்கும் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

மத்தியானம் யூசுப் மாமா வந்தார். ஒரு சுற்று சுற்றினார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

“கம்பெனி ரூம்பக் கட்டிட்டான்” என்றார். பிறகு என்னிடம், “படத்துல தெளிவா இருக்கா?”

“அம்புக்குறி போடல மாமா.”

“அப்ப பாதித் தப்பு ஒன்னுது. என்ஜினியர் இருபத்தாறாந் தேதி அளக்க வாராரு. இடைவெளி இருந்துட்டுப் போகட்டும். சாய்வ மட்டும் இடிச்சு வெளிப்பக்கம் கட்டச் சொல்லு.” பாலத்துக்குப் போனவர் நின்றார். “ஞாயித்துக்கெழம இங்கன என்னமோ நிச்சயம்னு பேசிக்கிறாக. தெறப்பு விழாவுக்கு முன்னாடி அப்படி ஒண்ணு நடந்தா எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு நீயும் தெரிஞ்சுக்கோ.”

ஏழு சுவர், பத்து நாள். செங்கல் மறுபடியும் தலைச்சுமை. சித்தாள்களிடம் சொன்னபோது யாரும் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. சும்மாட்டை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு பாலத்தில் நடந்தார்கள்.

அன்று ஐந்து மணிக்கு ஆவுடைத்தாய் அக்கா வந்தார். தினமும் வருவார், கரையில் நின்று பார்த்துவிட்டுப் போவார். அன்று பாலம் ஏறினார். சுவர் பிடித்து நடக்கிற மாதிரி ஒரு கையைப் பாலத்துக் கம்பியில் வைத்துக்கொண்டே வந்தார். கிழக்குப் பக்கத்துக் கடைசி இருக்கை வரை வந்து, கல்லைத் தொட்டுப் பார்த்து, கூரைக்குக் கீழே உட்கார்ந்தார். எதிரே சேறு, சேற்றுக்கு அப்பால் கரை, கரையில் வேன். அவருக்குப் பின்னால் சாய்வுச் சுவர். அதற்குப் பின்னால் ஆறு பேர் வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். மூக்கம்மாள்கூடச் சட்டியைச் சத்தமில்லாமல் இறக்கினார்.

கால்மணி நேரம் இருந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

“நல்லாருக்கு” என்றார் என்னிடம். “காத்து வருது.”

நான் சொல்லித்தான் ஆக வேண்டும். “அக்கா, இத இடிச்சு உள்பக்கமாத் திருப்பப் போறோம். தப்பாக் கட்டிட்டாக.”

அவர் கல்லைத் தடவிக்கொண்டே இருந்தார். எனக்கு உடனே வாயை மூடிக்கொண்டிருக்கலாமோ என்று இருந்தது.

“திருப்பத்தானே வேணும்” என்றார். “தட்டு மாத்தணும்னா எதுத்தாப்ல உக்காரணும்ல. முதுகக் காட்டிக்கிட்டா மாத்துறது? திருப்புங்க. அதுக்குள்ள நானும் பழகிக்கிறேன்.”

அப்படித்தான் அந்தப் பத்து நாளும் போனது. பகலில் பலவேசம் ஒரு சுவரை இடித்துக் கல்லின் மறுபக்கம் கட்டுவார். ஐந்து மணிக்கு அக்கா வந்து திருப்பிய இருக்கையில் உள்பக்கம் பார்த்து உட்கார்ந்து பழகுவார். நான் நாட்குறிப்பில் எழுதத் தொடங்கினேன், எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் ஓரத்தில்.

திங்கள்: உட்கார்ந்தவுடன் எழுந்துவிட்டார்.

செவ்வாய்: நாற்பது எண்ணும் வரை.

புதன்: வரவில்லை. மழை போல் வந்து ஏமாற்றியது. வேலையும் அரைநாள்தான்.

வியாழன்: மூன்று நிமிடம். மாரிச்செல்வி எதிரே உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தாள். “எம்மா, என்னையப் பாரு, மேல பாக்காத.” மேலே தகரம் வெயிலுக்கு டப் டப்பென்று நெளிந்தது. நாங்கள் யாருமே அதை யோசிக்கவில்லை. அக்கா எழுந்து, இடைவெளி வழியாக வெளியே வந்து, இன்னும் திருப்பாத கிழக்கு இருக்கையில் போய் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அங்கே தகரச் சத்தம் கேட்கத்தான் செய்தது. ஆனால் எழவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஆறு சுவர் முடிந்திருந்தது. தரைக்குத் தளம் போடவில்லை. ஜல்லி பரப்பியதோடு நின்றது. கிழக்குப் பக்கத்து ஏழாவது இருக்கை மட்டும் அப்படியே. பலவேசம் கடப்பாரையை எடுத்தார்.

“அத விட்டுருங்க அண்ணாச்சி.”

“படத்துல ஏழும் உள்பக்கம்னே.”

“நான் பாத்துக்கிறேன்.”

“என்ஜினியர் கேட்டா?”

“நான் பாத்துக்கிறேன்னு சொல்றேன்ல.” குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைப்பதற்குள் அவர் கடப்பாரையைத் தூணில் சாய்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“நல்லது” என்றார். “எனக்கும் கை கடுக்குது.”

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் காரியாபட்டியிலிருந்து வேனில் இருபத்தாறு பேர் வந்தார்கள். பெண் வீட்டுப் பக்கம் ஐம்பது பேர் இருக்கும். தரை ஜல்லியாகக் கிடந்ததால் ஜமுக்காளம் விரிக்க முடியவில்லை. இடம் கிடைத்தவர்கள் இருக்கைகளில் உட்கார்ந்தார்கள், மீதிப் பேர் தூண்களைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நானும் வேலையாட்களும் வாசல் பக்கம் நின்றோம். நடுவில் ஒரு மேசை. அதில் தாம்பாளங்கள், பழம், பூ, வெற்றிலை.

ஆவுடைத்தாய் அக்கா பச்சைப் பட்டுக் கட்டி, கழுத்து வரை ரவிக்கை போட்டுக்கொண்டு, கணவர் பக்கத்தில் உள்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். எதிரே மாப்பிள்ளையின் அப்பா அம்மா. பெரியவர் ஒருவர் நிச்சய ஓலை வாசிக்கத் தொடங்கினார். ஊர் பெயர், தாத்தா பெயர், அப்பா பெயர் என்று அது நீளமாகப் போனது. கூட்டம் நெருங்கி நின்றது. அக்காவின் நெற்றியில் வியர்வை இறங்குவதை நான் பார்த்தேன். உதடு அசைந்தது. எண்ணுகிறார். நானும் எண்ணினேன். ஒரு நிமிடம் தாண்டியது, மூன்று தாண்டியது. ஐந்து நிமிடம் ஆனபோது தகரம் டப்பென்றது.

அவர் எழுந்தார். ஓடவில்லை. முந்தானையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிதானமாக இடைவெளி வழியாக வெளியே போய், கிழக்குப் பக்கம் சுற்றி, ஏழாவது இருக்கையில் எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

ஓலை வாசித்தவர் நிறுத்திவிட்டார். மாரிச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

“என்ன, சம்பந்தியம்மா எந்திரிச்சுப் போயிட்டாக” என்றார் மாப்பிள்ளை வீட்டில் ஒருவர். “பிடிக்கலன்னா முன்னாடியே சொல்லிருக்கலாம்ல.”

“பிடிக்காமல்லாம் இல்ல” என்றார் அக்காவின் கணவர். எழுந்து நின்றார். “அவளால முடியல. முடிஞ்ச மட்டும் இருந்துட்டா.”

“அவுகளுக்குப் பதிலா வேற யாராச்சும் உக்காரலாமே” என்று யாரோ சொன்னார்கள். அக்காவின் முதுகு அசையவில்லை. அவருக்கு எல்லாம் கேட்கும். ஒன்றரை அடிச் சுவர்தானே நடுவில்.

சுவரை நான் விட்டுவைத்தது தப்பு என்று அப்போது தோன்றியது. அது இல்லாவிட்டால் அவர் இன்னும் கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்திருப்பாரோ என்னவோ. போக இடம் இருந்ததால்தான் போனாரோ.

மாப்பிள்ளையின் அம்மா கனத்த உடம்பு. முழங்காலில் கையை ஊன்றித்தான் எழுந்தார். மேசையிலிருந்து தாம்பாளத்தை எடுத்தார்.

“எங்க போற?” என்றார் அவர் கணவர்.

“தட்டு மாத்த வேணாமா? வாங்க.”

அவர் இடைவெளி வழியாக வெளியே போனார். ஏழாவது இருக்கைக்கு முன்னால் ஒன்றரை அடி மண்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு சரிவு, சேறு. அக்காவுக்கு நேர் எதிரே நிற்க வேண்டும் என்றால் சரிவில் கால் வைத்தே ஆக வேண்டும். வைத்தார். ஒரு கால் கணுக்கால் வரை இறங்கியது. செருப்பு உள்ளேயே போய்விட்டது. தாம்பாளம் சாய்ந்து ஒரு வாழைப்பழம் உருண்டு சேற்றில் விழுந்தது.

“சேத்துல நிக்கீகளே மதினி” என்றார் ஆவுடைத்தாய் அக்கா. எழுந்திருக்கப் போனார்.

“நீங்க உக்காருங்க. உக்காந்துதான் வாங்கணும். வெரசா வாங்குங்க, கால் இறங்குது.”

அக்காவின் கணவர் இன்னொரு தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் அப்பா மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு தானும் ஒரு காலைச் சரிவில் ஊன்றினார். தட்டு மாறியது. உள்ளே இருந்தவர்கள் சாய்வுச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். குலவையை முதலில் போட்டது மூக்கம்மாள். அவரை யாரும் நிச்சயத்துக்குக் கூப்பிடவில்லை.

செருப்பைத் தோண்டி எடுத்தது பலவேசம், கரணையால்.

மறுநாள் என்ஜினியர் வந்தார். நீளம், அகலம், தூண் உயரம் எல்லாம் அளந்தார். ஷூவுக்குள் ஜல்லி போய்விட்டது. ஏழாவது இருக்கையில் உட்கார்ந்து கழற்றி உதறினார். உதறிவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தார்.

“இது ஒண்ணு மட்டும் ஏன் வெளிய பாக்குது?”

“வெளிய பாத்து உக்காந்தாத்தான் உக்கார முடியும்னு இருக்கிறவங்க இருக்காங்க சார். மனுக் கொடுத்தவங்களே அப்படித்தான்.”

“படத்துல இல்லையே.”

“படத்த மாத்தித் தர்றேன் சார்.”

அவர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். இருக்கட்டும் என்று எழுதினாரா, இடி என்று எழுதினாரா, தெரியவில்லை. மாமா கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

சாயங்காலம் வகுப்பில் படத்தைத் திருத்தினேன். ஏழு இருக்கைக்கும் அம்புக்குறி போட்டேன். ஆறு உள்ளே, ஒன்று வெளியே. நாட்குறிப்பில் ‘எது மாறியது’ கட்டம் சுலபமாக இருந்தது. ‘ஏன்’ கட்டத்தில் ‘பாதுகாப்பு’ என்று எழுதி அடித்தேன். ‘கொத்தனார் பிழை’ என்று எழுதி அதையும் அடித்தேன். ஞானதீபம் டீச்சர் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனார். கடைசியில், ‘ஒருவர் இங்கே உட்காருவார்’ என்று எழுதினேன். அது காரணம் ஆகுமா என்று தெரியவில்லை. அடித்து எழுத இடமில்லாததால் விட்டுவிட்டேன்.

நாளைக்குத் தளம். சிமெண்டு நாற்பது மூட்டை கரையில் இறங்கிக் கிடக்கிறது. எல்லாம் பாலத்தைத் தாண்ட வேண்டும்.